ஈரத்துக்குக் கழிவு

நோர்வூட்டில் போன் திருத்தும் கடையில் வேலை எனக்கு.
உடைந்த திரைகளை ஓரம் தள்ளிவிட்டு
அங்கேதான் அந்தப் பலகையைக் கட்டினேன்.
நீலம். உள்ளங்கை அகலம்.
புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து
பஸ் கண்டக்டர் கையில் வந்தது,
பிஸ்கட் பெட்டிக்குள், ரசீது இல்லாமல்.

லயத்துக்குப் பின்னால் மலை.
மலையில் போன வருஷத்து வெடிப்பு,
இப்போது முழங்கை வரை கை போகிறது.
வந்தார்கள், டேப் பிடித்தார்கள், படம் எடுத்தார்கள்.
ஏழு பேர்ச் நிலம் பரிசீலனையில் உள்ளதென்று
சிங்களத்தில் ஒரு கடிதம்.
நிரோஷன் வாசித்துச் சொன்னான்.
யாரோ கேட்டார்கள் என்று இன்னொரு தடவை, மெதுவாக.

வெடிப்புக்கு மேலே உணரியைப் புதைத்தேன்.
ஈரம் ஏற ஏற எண் இறங்கும்.
முந்நூறுக்குக் கீழே போனால் கத்து
என்று பலகைக்குச் சொல்லிவைத்தேன்.
சிவனு அண்ணனின் த்ரீவீல் கழித்துப்போட்ட பேட்டரி,
பன்னிரண்டு வோல்ட்.
நடுவே மூன்று காலில் நிற்கும் ரெகுலேட்டர்
ஏழைச் சூடாக்கி வீசிவிட்டு
ஐந்தை மட்டும் அளந்து விடும்.
அதன் முதுகில் ரைஸ் குக்கர் தகட்டில் ஒரு துண்டு
வெட்டி முடுக்கினேன்.
குளிருக்குப் பல்லிகள் வந்து ஒட்டிக்கொண்டன.

'என்னடி, மண்ணுக்குக் காய்ச்சல் பாக்குறியா?'
புஷ்பகாந்திக்கு ஈரம் என்றால் வேறு கணக்கு.
மழைநாளில் கொழுந்து நிறுக்கும்போது
தராசுக்காரர் தொட்டும் பார்க்க மாட்டார்,
ஈரத்துக்கு ரெண்டு கிலோ என்று கழித்துவிட்டு
அடுத்த பையைக் கூப்பிடுவார்.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை.
கானில் தண்ணீர் செம்மண்ணாய்ப் போனது.
சைரன் வாய் திறக்கவில்லை.
டார்ச் எடுத்துக்கொண்டு ஏறினேன்.
திரையில் முந்நூற்று இருபத்துநான்கு.
மலை இன்னும் தாங்குமாம்.
என் செருப்பில் ஒன்றை
அப்போதுதான் சேறு பிடுங்கிக்கொண்டது.

மீட்டர் வைத்தேன். பேட்டரியில் ஆறு சொச்சம்.
ஐந்து கொடுக்க ரெகுலேட்டருக்கு ஏழாவது வேண்டும்.
அது நாலரைக்கும் குறைவாய்க் கொடுத்துக்கொண்டிருந்தது,
யாரிடமும் சொல்லாமல்.
பலகை அதையே ஐந்து என்று நம்பி அளந்திருக்கிறது.
படி தேய்ந்தால் அரிசி கூடித்தான் தெரியும்.
தாளில் போட்டுப் பார்க்க நேரமில்லை, மனசுக்குள் போட்டேன்:
இருநூற்று எண்பத்தைந்து.

அன்றைக்கு நான்தான் சைரன்.
கல்லால் தகரத்தை அடித்துக்கொண்டே இறங்கினேன்.
நாற்பத்தொரு பேர், இரண்டு ஆடு,
ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, எல்லாம் பள்ளிக்கூடத்தில்.
விடியும்போது மலை
ஒரு கோழிக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது.
பிரட்டுக்குப் பிந்திப் போனவர்களுக்கு
அரைப் பேர் போட்டார்கள்.
அதற்கும் என்னைத்தான் ஏசினார்கள்.

அந்தப் பலகைக்குள்ளேயே,
ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே,
பேட்டரி எவ்வளவு சரிந்தாலும்
அசையாத ஓர் அளவு உண்டு.
நான்தான் அதைக் கேட்காமல் விட்டிருந்தேன்.
புதிதாய் எழுதினேன்:
மலையை நிறுக்குமுன் உன்னை நிறு.
குறைந்திருந்தால் எண் சொல்லாதே.
மூன்று தடவை சின்னதாய்க் கூவு.
தெரியாது என்று அர்த்தம்.

மார்கழியில், மழையே இல்லாத ஓர் இரவு
அது மூன்று தடவை கூவியது.
போர்வையோடு வெளியே வந்தார்கள்.
'மலையா?'
'இல்ல. தனக்குத் தெரியலன்னு சொல்லுது.'
'இதச் சொல்லவா எழுப்புச்சு?'
சிவனு அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே
ஓடுகிற வண்டியின் பேட்டரியைக் கழற்றி வந்தார்.
'ஆறு மணிக்கு ஹட்டன் ஹயர் இருக்கு. அதுக்குள்ள குடுத்துரு.'

எல்லாரும் உள்ளே போன பிறகும்
புஷ்பகாந்தி போகவில்லை.
ரெகுலேட்டர் தகட்டில் விரல் வைத்துப் பார்த்தாள்,
இளஞ்சூடு.
'இந்த மாதிரி ஒண்ணு
தராசுல மாட்ட எவ்வளவு ஆகும்?'

பலகை, உணரி, கம்பி, பெட்டி.
கூட்டிச் சொன்னேன்:
நாலு நாள் பேர்.