நிகர எடை

பெட்டியில் அச்சிட்டிருந்தது நானூற்றுப் பத்து கிராம்.
கார்பன் ரிம், ஐம்பது மில்லிமீட்டர் ஆழம்.
கையில் வாங்கினால்
இருக்கிறதா இல்லையா என்று கேட்கவைக்கும் கனம்.
விற்றவன் அதை ஒரு விரலில் மாட்டிச் சுழற்றிக் காட்டினான்.
அந்த விரல்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
முத்திரை ஆய்வாளர்.
கறிக்கடைத் தராசு முதல் லாரி நிறுக்கும் மேடை வரை
இந்த ஊரில் எது எத்தனை கிராம் புளுகுகிறது என்று
எழுதி வைத்திருப்பவன்.

ரிம்மைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு
தெற்காவணி மூல வீதிக்குப் போனேன்.
நகைக்கடை அனந்தநாராயணனுக்கு ஏசியிலும் வியர்த்தது.
"சார், போன மாசம்தானே முத்திரை..."
"ஆய்வு இல்லை. இதை நிறுக்கணும்."
தட்டில் வளையம் நிற்கவில்லை.
நெக்லஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, பூஜ்யம் தட்டி,
அதன் தலையில் ரிம்மைச் சாய்க்காமல் ஏற்றினோம்.
கடைப்பையன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

நானூற்று முப்பத்து நான்கு.

அனந்தநாராயணன் மனக்கணக்கில் சொன்னார்:
"மூணு பவுன் கூட நிக்குது சார்."
தங்கமாக இருந்தால் இந்நேரம் வழக்குப் பதிந்திருப்பேன்.

மகபூப்பாளையம், மாடி அறை.
சக்கரம் கட்டுகிற பெனாசிர் மூன்று பவுனுக்கு அசரவில்லை.
"அது கிடக்கட்டும். நீங்க எவ்வளவு வெயிட்?"
"எழுபத்தாறு."
ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தை விரலால் நிறுத்தினாள்.
பார்த்தாள்.
முகத்தை அல்ல, பெல்ட்டின் கடைசி ஓட்டையை.

எங்கே ஓட்டுவீர்கள் என்றாள்.
ஞாயிறு அழகர்கோவில். மாதம் ஒருமுறை ஆண்டிபட்டிக் கணவாய்.
"ஆடியிலயுமா?"
"ஆடியிலயும்."
"அப்ப ஐம்பது வேணாம். அந்தக் காத்து
உங்களைச் சைக்கிளோட தூக்கிக் காத்தாலையில சாத்திரும்.
முப்பது போதும், அலாய்.
கடச்சனேந்தல் வேகத்தடைக்குக் கார்பன்னு தெரியாது.
ஓட்டை எத்தனைங்கறதுதான் கேள்வி.
எண்பதுக்குள்ளன்னா இருபத்து நாலு,
தாண்டினா பின்னால இருபத்தெட்டு."

எழுபத்தாறு என்று இன்னொரு தரம் சொன்னேன்.
என்ன செய்ய,
ஹப் முன்பே வாங்கியாயிற்று. இருபத்து நாலு ஓட்டை.
ஊதா. நம்ம ஊர்க் கத்தரிக்காய் ஊதா.
தள்ளுபடி விலை, திருப்பித் தர முடியாது.
அந்த ஊதாவுக்காக நான்
எழுபத்தாறாகவே இருந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிகாலை, பரவை மார்க்கெட் ஆய்வு.
வெங்காய மண்டியில் தரைத் தராசு.
இருபது கிலோக் கற்களை ஒவ்வொன்றாய் ஏற்றினேன், இறக்கினேன்,
நான்கு மூலையிலும் நகர்த்திப் பார்த்தேன்.
பிழை இல்லை.
முத்திரை வைத்துக் கையெழுத்தும் போட்டேன்.

லோடுமேன் டீக்குப் போனான்.
யாரும் பார்க்கவில்லை. ஏறினேன்.

எண்பத்து மூன்று கிலோ நானூற்று ஐம்பது.

என் முத்திரை. மை காயவில்லை.
இதற்கு மேல்முறையீடு எந்த அலுவலகத்தில்?
அந்த நானூற்று ஐம்பது மட்டும் ஏறக்குறைய ஒரு ரிம்.
மிச்சம் எண்பத்து மூன்றுக்கு
எந்த நாட்டில் கார்பன் நெய்கிறார்கள்?

அலைபேசியில் பெனாசிரின் தூக்கம் கலைந்தது.
"எண்பத்து மூணரை" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
"சரி, இருபத்தெட்டு. ஊதா ஹப்பை வித்துடலாம்.
திருமங்கலத்துல ஒரு பையன் கேட்டான். ஒல்லி."
வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.
"இருங்க,
செருப்போடயா நிறுத்தீங்க, செருப்பில்லாமயா?"

கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன்.
இடது பாதத்தில் ஒரு வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது.
குனிந்து அதையும் எடுத்தேன்.