நீலம்

பாலாற்று நுரையைப் படமெடுத்து
பத்தாம் வகுப்புக் குழுவில் போட்டேன்:
"இது என்ன? கூகுளைக் கேட்காமல் சொல்லுங்கள்."

நாற்பத்தொரு பேர் பார்த்தாயிற்று.
ஒரு கட்டைவிரல்.
ரிஸ்வான் மட்டும் பிரியாணி ஸ்டிக்கர்.

மேல்விஷாரத்தில் கரண்ட் போய் வந்தது.
மீதி விடைத்தாள்களையும் திருத்திவிட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு
'உள்ளேன்' என்பதைக் கூட
உதட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் தஹ்சீன்
பதினாலு நொடி பேசியிருந்தாள்,
பின்னால் கிரைண்டர் ஓட:
"குரோமியம், மிஸ்.
அத்தா கை நீலமா இருக்கும்.
சோப்பு போட்டாலும் போவல.
ஏன் மிஸ் போவல?"

பாடநூலில் அந்த 'ஏன்' இல்லை.
தட்டச்சினேன், அழித்தேன், மறுபடி தட்டச்சினேன்.
அவள் திரையின் உச்சியில்
என் 'டைப்பிங்' வந்து வந்து போயிருக்கும்.

அதற்குள் ரிஸ்வான்:
"எங்க அத்தாவுக்கும் மிஸ்."

அதன்கீழ்
யாரும் ஸ்டிக்கர் போடவில்லை.