இருபத்தாறாம் நாள்

குருமன்காட்டுச் சந்தி, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
சட்டத்தரணி யசோதினி கலண்டரை ஆணியிலிருந்து கழற்றி
மேசையில் வைத்து விரலால் எண்ணுகிறார்.
"ஒரு மாதம்தான் அண்ணை.
உரிமையை மீறினால் ஒரு மாதத்துக்குள்ள
கொழும்பில மனு விழவேணும்."

எப்போது மீறினார்கள்?
ஓர் ஆவணி பதினேழு.
எட்டு வருசத்துக்கு முந்தியது.

அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள்,
மறியல் மருந்தறையில்,
வாங்கில் இருத்தி, காவலாளி ஒருவன் தலையைப் பிடிக்க.
பஞ்சைக் கடித்தபடி
பின்னேரம் முழுக்கச் சுவரோடு கிடந்தேன்.
அதே பின்னேரம்
வடக்கு மதில் ஏறித் தப்பியோட முயன்றேனாம்.
அரை வரி. நீல மை.
சிங்களத்தில், வடிவான கையெழுத்து.
அந்த அரை வரிக்குக் கழிவு நாட்களை வெட்டினார்கள்.
ஏழு மாதம் கூட இருந்தேன்.
ஏன் என்று கேட்டதற்கு
"கோப்பில இருக்கு" என்றார் லிகிதர்.

கோப்பில் இருந்தது உண்மைதான்.

வெளியே வந்து நெடுங்கேணியில் டயர் ஒட்டினேன்.
பிரதேச சபைத் தண்ணி பவுசருக்குச் சாரதி வேண்டுமென்றார்கள்,
பழைய பதிவைக் கொண்டுவா என்றார்கள்.
தபாலில் வந்த பிரதியைப்
பள்ளிவாசலடி நவ்சாத்திடம் கொடுத்தேன், மொழிபெயர்க்க.
பக்கத்துக்கு ஆயிரத்து இருநூறு.
வாசித்துக்கொண்டு போனவர் நிறுத்தி
கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"மதில் ஏறினீங்களா தம்பி?"
அந்தப் பக்கத்துக்குக் காசு வாங்கவில்லை.

"அப்ப, அறிஞ்ச நாள் அது."
சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறார் யசோதினி.
அதிலிருந்து எண்ணினால் இன்று இருபத்தாறு.
நாளை ஞாயிறு. மறுநாள் போயா.

பிறகு பிரதியை என் பக்கம் திருப்பினார்.
அரை வரிக்குக் கீழே ஓர் ஒப்பம்.
தமிழில். யோகரூபன்.
கொம்பை இழுத்து எழுதும் அந்த 'யோ'
என்னுடையதுதான்.

எதற்கு வைத்தேன்?
சவர்க்காரத்துக்கா, அக்கா கொண்டுவந்த சாரத்துக்கா.
'அத்சன், அத்சன்' என்று நீட்டிய இடமெல்லாம் வைத்தேன்.
அது எட்டு வருசமாக அங்கேயே இருந்து
இவனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியும் என்று
சொல்லிக்கொண்டிருக்கிறது.

அரச தரப்பு முதலில் தூக்குவது இதைத்தான் என்றார்.
நான் வாயைத் திறந்து
பல் இல்லாத இடத்தைக் காட்டினேன்.
சிரிக்கவில்லை அவர். குறித்துக்கொண்டார்.
"மருந்தறைப் பதிவேடு எடுக்கவேணும்.
அதுக்கும் விண்ணப்பம். அதுக்கும் நாள் போகும்."

உள்ளே ஒரு நாளை நகர்த்த நான் பட்ட பாடு.
புட்டிலிருந்து கல் பொறுக்கி எண்ணினேன்,
காகத்தை எண்ணினேன்.
அப்போதெல்லாம் வெளியே எங்கோ
இந்த ஒரு மாதம் ஓடி முடிந்துகொண்டிருந்ததாம்.

நாலரைக்குச் சத்தியக் கடதாசி தட்டச்சாகி வந்தது.
ஆங்கிலத்தில்.
சமாதான நீதவான் பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்.
கடைசி பஸ் ஐந்தே காலுக்கு.

வாசியுங்கோ என்றேன்.
ஒவ்வொரு வரியாய்த் தமிழில் சொல்லி
யசோதினி வாசித்து முடித்தார்.
கீழே நடத்துனர் நெடுங்கேணி, நெடுங்கேணி என்று
தகரத்தில் தட்டுகிறான்.
நீதவான் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.
பேனாவை நான் தொடவில்லை.

இன்னொருக்கா, என்றேன்.
முதல் வரியிலிருந்து.