சத்தத்தை முந்தாத ஈயம்

மேலப்பாளையத்தில் அசன் கனி வீட்டு முன்னறை.
சுவரில் சட்டம் போட்ட லைசென்ஸ்.
மனைவியின் பீடிச் சுளகை ஓரம் தள்ளிவிட்டு
மூன்று தோட்டாக்களை நிற்க வைத்தார்.
"எது வே வேணும்?"

முதலாவது ஒல்லி, கூர்மூக்கு.
பாளையங்கோட்டை மைதானத்தில் விடியக்காலம்
போலீஸ் வேலைக்கு ஓடும் பையன்கள் மாதிரி
கால் தரையில் படாது.
கிளம்பின இடத்தில் ஒரு இடி,
போகிற வழியெல்லாம் சாட்டையடி.
துப்பாக்கி வாயில் எந்தக் குழலை மாட்டினாலும்
இடியைத்தான் விழுங்கும்.
சாட்டை காற்றின் கையில் இருக்கிறது.

இரண்டாவது நடுவாந்தரம்.
என் சித்தப்பா மகனைப் போல,
எல்லா விசேஷத்துக்கும் வருவான்,
ஒரு வேலைக்கும் ஆக மாட்டான்.

மூன்றாவது
அரை அங்குலப் பருமன், மொட்டை மூக்கு.
ஈயம் மட்டும் முப்பத்து நாலு கிராம்,
நாலேகால் பவுன்.
வினாடிக்கு முந்நூறு மீட்டர்:
சத்தத்துக்கு வழிவிட்டுப் பின்னால் வருகிற ஆள்.

எனக்கு அதுதான் தேவை.
களக்காட்டுக்கு மேற்கே, பூலுடையார் வயலில்
குலை தள்ளிய ஏத்தன் வாழை
முந்நூற்றிப் பதினேழு மண்ணில் கிடந்தது.
ரேஞ்சர் ஜெபராணி தந்த தாளில்
டைப் அடித்த ஒரு வரி:
ஒற்றைக் கோரை ஆண்பன்றி, ஒன்று மட்டும்.
அதற்குக் கீழே பேனாவில்:
சத்தம் கூடாது.
பச்சையாற்றுப் பக்கம் ஆனை குட்டியோடு நிற்கிறது.

அசன் கனி பீடிக்கட்டு லேபிளின் பின்னால்
பென்சிலால் ஒரு வளைவு போட்டார்.
"நூறு மீட்டருக்குள்ள ஒரு முழத்துக்கு மேல எறங்கிரும்.
வேகம் பாத்து மிருகம் விழாது.
படுற எடந்தான் கொல்லணும். கிட்டப் போவணும்."
"எவ்வளவு கிட்ட?"
"நீரு எச்சி முழுங்குறது அதுக்குக் கேக்கும்லா,
அவ்வளவு."

மூன்றாம் ராத்திரி.
சாரல் விட்டு இலைகள் மட்டும் சொட்டின.
முப்பது மீட்டர்.
யாரோ இருட்டில் ஈரத்துணி கும்முவது போல
தண்டை மென்றுகொண்டிருந்தது.
எச்சிலை முழுங்காமல் சுட்டேன்.

பஸ் கூரையிலிருந்து நெல்லு மூட்டை
இறக்கின மாதிரி ஒரு தொப்.
போல்ட்டை இழுத்த சத்தம்தான் பெரிசு.
மலை திருப்பிச் சொல்லவில்லை.
நாய் குரைக்கவில்லை.
பூலுடையார் வீட்டில் விளக்கு எரியவில்லை.

பட்டாளத்திலும் வெளியிலுமாக
இருபத்தெட்டு வருஷம் சுட்டிருக்கிறேன்.
காது இரைந்து அடங்குவதற்குள்
எதிரே எல்லாம் முடிந்திருக்கும்.
அன்றைக்குத்தான் கேட்டது.
அது முன்னங்காலை மடக்கி உட்கார்ந்தது.
ஒரு பெருமூச்சு விட்டது,
உள்ளே கொஞ்சம் தண்ணீர் கலந்த மாதிரி.
வாயில் இருந்த தண்டை
இன்னும் இரண்டு தரம் மென்றது.
மூன்றாவது தரத்துக்குக் காத்திருந்தேன்.

காலையில் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தது:
தோட்டாவின் செயல்பாடு.
'திருப்தி' என்று எழுதினேன்.
செலவு ஒன்று, மீதி நான்கு, எண்ணிக் கொடுத்தேன்.
ஆனை நின்ற இடத்திலேயே நிற்கிறதாம்,
ஜெபராணி வயர்லெஸ்ஸைக் காதிலிருந்து எடுத்துச் சொன்னார்.
அவருக்குச் சந்தோஷம்.

திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டர்
டிக்கெட் கேட்டிருக்கிறார், பிறகும் கேட்டிருக்கிறார்.
"என்ன அண்ணாச்சி, காது கேக்கலையா?"
பக்கத்து சீட்டில் ஒரு பிள்ளை
பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தது.
நான் அதன் வாயையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.