விசாரிச்சு

மீனாட்சிபுரம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஜெராக்ஸ் கடையின் பின்பாதி என்னுடையது.
பக்கத்துக்கு அறுபது ரூபாய்.
மலையாளத்தைத் தமிழாக்குவேன்,
இரண்டையும் இங்கிலீஷாக்குவேன்.
போன வாரம் ஒரு ஆடு திருட்டு, ஒரு ஜீவனாம்சம்.
இன்றைக்கு ஒரு கால்.

நாச்சிமுத்துவின் இடது கால்
கணுக்காலோடு முடிந்துவிடுகிறது.
தேங்காய் மட்டை ஏற்றிய லாரி
எடைமேடையிலிருந்து பின்னால் வந்தது.
ஓட்டியவர் சுகதன், கொல்லங்கோட்டுக்காரர்.
ஸ்டேஷனில் அவர் சொன்னது ஒரே வரி:
“பின்னில் ஆரும் இல்லெந்நு ஞான் விசாரிச்சு.”

எனக்கு முன்னால் யாரோ இதைத் தமிழில் இறக்கியிருக்கிறார்கள்:
பின்னால் யாருமில்லை என விசாரித்தேன்.
ஆக, கேட்டிருக்கிறார்.
கதவைத் திறந்து இறங்கியிருக்கிறார்,
மட்டைக் குவியலைச் சுற்றி வந்திருக்கிறார்,
இரண்டு பேரிடமாவது வாயைத் திறந்திருக்கிறார்.
பொறுப்பான மனிதர்.

அவர் வீட்டுப் பேச்சில் அதற்கு
அப்படியெல்லாம் அர்த்தமே இல்லை.
சீட்டை விட்டு அசையவில்லை,
நினைத்தார்,
அவ்வளவுதான்.
அந்தச் சொல்லுக்குள்
ஒரு லாரியைத் திருப்புகிற அளவுக்கு இடம் கிடக்கிறது.

இன்ஷூரன்ஸ் படிவத்தில் பதினோராவது கேள்வி இங்கிலீஷில்:
அந்த நேரத்தில் ஓட்டுநர் என்ன ‘திங்க்’ பண்ணினார்?
பண்ணினார், பார்.
மாவு ஆட்டுவது மாதிரி, பஞ்சர் ஒட்டுவது மாதிரி.

கரண்ட் இல்லாத மதியத்தில்
பெரிய அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
அந்த ஐந்தெழுத்தும் ஒற்றை ஆள் இல்லை.
பழைய நாளில் இரண்டு வினைகள் இருந்தனவாம்.
ஒன்று நினைக்கும். இன்னொன்று தோன்றும்.
வாய் தேய்த்துத் தேய்த்து
இரண்டும் ஒரே சொல்லுக்குள் குடிவந்துவிட்டன.
யார் எந்த அறையில் என்று இப்போது கேட்க முடியாது.
பஸ்ஸில் கால் மிதித்துவிட்டு இறங்குகிறவன்கூடச் சொல்கிற தேங்க்ஸ்
அதற்குப் பங்காளி.
அதுவும் முதலில் நினைப்புதானாம்.
இதைப் படிவத்தில் எங்கே எழுதுவது?

சுகதன் ‘எனிக்கு தோந்நி’ என்றிருக்கலாம்.
எனக்குத் தோன்றியது:
செய்தவர் இல்லாத வாக்கியம்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் போல
அது பாட்டுக்கு வரும், நம் மேல் படும்,
கூண்டில் ஏற்ற யாரும் அகப்பட மாட்டார்கள்.
அவர் அதைச் சொல்லவில்லை.
ஞான் என்றார்.

நேற்று போன் போட்டேன்.
“உண்மையைச் சொல்லுங்க, விசாரிச்சீங்களா?”
என் வாயிலிருந்து தமிழாகப் போனது
அவர் காதில் மலையாளமாக இறங்கியது.
“விசாரிச்சு,” என்றார்,
“விசாரிச்சு, சேச்சி.”
பிறகு வெகுநேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.
அதை நான் பெயர்ப்பதில்லை.

நினைத்தேன் என்று அடித்தால்
நாச்சிமுத்துவுக்குப் பணம் வரும்,
சுகதனுக்கு லைசென்ஸ் போகும்.
விசாரித்தேன் என்று விட்டால்
கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பார்.

நாச்சிமுத்து எதிரே உட்கார்ந்திருந்தார்,
ஊன்றுகோலை பிரிண்டர் மேல் சாய்த்துவிட்டு.
நீங்க ஏன் நகரலை என்று கேட்டேன்.
இதுவரை யாரும் கேட்கவில்லை போல.
மட்டைத் தூசி ஒட்டிய விரலால் புருவத்தைச் சொறிந்தார்.
“ஹாரன் கேட்டுச்சுங்க.
கண்ணாடில அந்தாளு மொகம் தெரிஞ்சுது.
எனக்குத் தெரியுதுன்னா
அவருக்கும் நான் தெரிவேன்னு நெனச்சேன்.”

அதை எழுதச் சொல்லி யாரும் பணம் தரவில்லை.
எழுதவில்லை.

சுகதனின் வரியில்
நினைத்தேன் என்று அடித்தேன்.
மெஷின் மூன்று பக்கத்தைச் சூடாகத் தள்ளியது.
“தேங்க்ஸுங்க,” என்றார்,
சட்டைப்பைக்குள் இருந்த பத்து ரூபாய்த் தாள்களை
மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார்.
பதினெட்டு.
சந்தேகம் வந்து
மறுபடி முதலிலிருந்து
எண்ணிக்கொண்டிருந்தார்.