பத்து நிமிடம்

மறுபடியும் அதே இடம்.
லாவிக் படகுத்துறையைத் தாண்டி மூன்றாவது வளைவு,
ஏற்றம் தொடங்கும் இடம்.
ஐம்பத்தெட்டாம் ஆண்டு வால்வோ
முதலில் ஒரு பெருமூச்சு விட்டது.
மிதிக்க மிதிக்கக் காது கேளாததுபோல் சோர்ந்து,
இருமி, இரண்டு முறை குலுங்கி,
நின்றது.
பின்னால் வந்த மீன் லாரி
விளக்கைச் சிமிட்டிவிட்டு ஒதுங்கிப் போயிற்று.
அதற்கு எங்களைத் தெரியும்.

ஹால்வார் இறங்கவில்லை.
பத்து நிமிடம், என்பார் எப்போதும்.
பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால்
ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்.
அதுதான் அவரைத் தின்றது.
ஒரேயடியாகச் செத்திருந்தால்
அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்லியிருப்பார்.

எல்லாம் மாற்றியாயிற்று.
காயில். கண்டென்சர். பாயிண்ட்.
சுவீடனிலிருந்து வரவழைத்த பம்புச் சவ்வு.
டாங்கைக் கழற்றிக் குலுக்கியதில்
ஒரு சிட்டிகைத் துருவும்
யாரோ தொலைத்த மரையாணி ஒன்றும் விழுந்தன.
டாங்க் மூடியின் மூச்சுத்துளையை ஊசியால் குத்தினார்.
கார்புரேட்டர் மூன்று ஞாயிறு
எங்கள் சாப்பாட்டு மேசையில் படுத்துக் கிடந்தது,
உருளைக்கிழங்குக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்,
கரண்டிகளைவிடச் சுத்தமாக.

நான் செய்தது ஒன்றுதான்.
உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு வேறு வேலை இல்லாமல்
படகுச் சீட்டுகளின் பின்புறம் எழுதிவந்தேன்:
அக்டோபர் 9, தூறல், நான்கு டிகிரி. நின்றது.
பிப்ரவரி 3, வெயில், மைனஸ் பன்னிரண்டு.
பேர்கன் வரை ஓடிற்று. ஹால்வார் சீட்டியடித்தார்.
மார்ச் 21, மூடுபனி, ஐந்து டிகிரி. நின்றது.
என் கால் விறைத்தது. அவர் பேசவில்லை.
ஜூலை முழுக்க ஒன்றுமில்லை.

படகின் இயந்திர அறையிலிருந்து
காப்பிக்காக மேலே வந்த தோர்டிஸ்
எண்ணெய்க் கையால் அவற்றை
சீட்டுக்கட்டுபோல் விசிறிப் பார்த்தாள்.
கடுங்குளிரில் ஓடுகிறது, ஈரக்குளிரில் நிற்கிறது, என்றாள்.
பத்து நிமிடம் காத்திருக்க யார் சொன்னது?
நின்ற நொடியே திறந்து பாருங்கள்.

இன்று திறந்தது நான்.
அவர் கை சாவியை விட்டு எடுக்குமுன் ஓடி
பானட்டைத் தூக்கி
காற்று வடிகட்டியின் நட்டைத் திருகி எறிந்து
டார்ச்சை அடித்தேன்.

தொண்டைக்குள் வெள்ளை.
தொட்டால் தோல் உரியும் இரும்புக்கு
ஒரு சாண் தள்ளி
தட்டைச் சுற்றிப் பனிக்கட்டி.

ஆவியாகிற பெட்ரோல்
வருகிற காற்றின் சூட்டைப் பிடுங்கிக்கொள்கிறது,
காற்றில் இருந்த ஈரம் அங்கேயே உறைகிறது,
வழி அடைகிறது, வண்டி நிற்கிறது.
பிறகு எஞ்சினின் வெக்கை மெல்ல மேலேறி
தடயத்தைத் துடைத்துவிடுகிறது.
இரண்டு வருடம்
திருடன் கிளம்பிப் போகும்வரை
கதவைச் சாத்திக்கொண்டு மரியாதையாக
உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

கூப்பிட்டேன். வந்து குனிந்தார்.
கையும் களவுமாக அகப்பட்டது
அவர் கண்ணெதிரே ஓரம் பளபளத்து
ஒரு துளியாகி
உள்ளே இறங்கிற்று.

வெகுநேரம் நிமிரவில்லை.
எக்ஸாஸ்ட் பக்கமிருந்து சூடான காற்றைக் கொண்டுவர
இந்த வண்டிக்கு ஒரு தகரக் குழாய் இருந்தது.
கண்காட்சிக்கு அசிங்கம் என்று
புதுப்பித்த வருடம் அவரே கழற்றிப்போட்டது.

அந்தக் குழாய், என்றார்.
கொட்டகையில் இருக்கிறது, என்றேன்.
பட்டாணிக்கொடிக் குச்சிகளைச்
செருகிவைத்திருக்கிறேன் அதில்.

மழை வலுத்தது. வண்டி கிளம்பிற்று,
ஒன்றும் நடக்காததுபோல்.
இன்னும் இரண்டு ஏற்றம் பாக்கி.
சீட்டைத் திருப்பி
நவம்பர் 2, ஆறு டிகிரி என்று எழுதி
காரணம் என்ற இடத்தில்
பனி என்று மட்டும் போட்டேன்.