நிரை

ஓவ்லு நகரில் நவம்பர்.
மூன்று மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
இனாரியிலிருந்து பேருந்தில் வந்த நீலாஸ்
தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார்.
அவர்கள் கூட்டுறவுக்குப் பனிமான் பதிவேடு.
எதை வைத்துச் சேமிப்பது என்பதில்தான்
இன்னும் தீராத சண்டை.

இல்மாரிக்குப் பெரிய சட்டகம் வேண்டும்:
"மானை மட்டும் எழுது.
அட்டவணை, இணைப்பு எல்லாம் அது பார்த்துக்கொள்ளும்."
கெர்த்து மசியவில்லை.
"பார்த்துக்கொள்கிறேன் என்றவர்கள்
பார்த்த லட்சணம் தெரியும்.
வினவலை நானே என் கையால் எழுதுகிறேன்."

நடுவில் நான்.
நிரலுக்குள் பொருள்கள்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன:
பிணையின் பின்னே மறி,
மறிக்குக் காதில் ஒரு வெட்டு,
வெட்டுக்கு ஒரு வீடு.
தரவுத்தளத்தில் எல்லாம் தட்டை. வெறும் நிரைகள்.
நிரை என்றால் வரிசை,
நிரை என்றால் மந்தையும்தான்.
அந்த அறையில் எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.
யாரிடம் சொல்ல.

முதலில் ஒரு மந்தையைத் திறந்தோம்.
சோம்பல் ஏற்றம்; கேட்டால்தான் கொண்டுவரும்.
கேட்டோம்.
மானுக்கு ஒருமுறை என்று தளத்துக்கு ஓடி
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தடவை
போய்வந்தது.
கெர்த்து காபியை முடித்தாள். ஒன்றும் பேசவில்லை.
"சரிசெய்துவிடலாம், ஒரு வரிதான்"
என்றான் இல்மாரி, காது சிவக்க.

பிறகு நீக்கிக் காட்டினான்.
நான்காம் நெடுஞ்சாலையில் லாரி அடித்த பிணை,
எண் 0738.
ஒரு சொடுக்கு.
அவள் போனாள்.
அவள் ஈன்றவை போயின.
அவை ஈன்றவையும்.
திரையில் பன்னிரண்டு குறைந்தது.
'தாயோடு சேயும்' என்று அமைப்பில்
யாரோ போட்டுவைத்திருக்கிறார்கள்.
யாரோ என்ன, நான்தான்.

நீலாஸ் எழுந்து திரையருகே வந்தார்.
"லாரி ஒன்றைத்தான் அடித்தது" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"அந்தக் கடைசிக் குட்டிக்கு
கோடையில் என் மகள் காது வெட்டினாள்.
இந்நேரம் பனியைத் தோண்டிக்
கற்பாசி தின்றுகொண்டிருக்கும்."

மெல்லிய ஒன்றைத்தான் எடுத்தோம் கடைசியில்.
பாதி வேலை செய்யும்,
மீதியை நம்மிடமே கேட்கும்.
தாய் என்ற பத்தி காலியாக இருக்கலாம் என்பது
முதல் விதி.
இல்மாரி இன்னும் முறைக்கிறான்.
அடுத்த வருஷம் அவன் சொன்னதே
சரி என்று ஆனாலும் ஆகலாம்.

அன்று ஆறரைக்குக் கடைசிப் பேருந்து.
நீலாஸ் கிளம்பவில்லை.
"பதினொன்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள்."
மாதிரித் தரவுதான் என்று சொல்ல
யாருக்கும் வாய் வரவில்லை.
காப்பிலிருந்து மீட்டோம்.
கண்ணாடியில் விரல் வைத்து
ஒவ்வொன்றாய் எண்ணினார்.